ஐம்பதுக்கு மேல் வாசித்த ஓலை

(பாளையங்கோட்டைப் பக்கத்துச் சேகரம் ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மாதக் கூட்டத்துக்கு 'நன்றி' என்று தலைப்பு வைத்திருக்கிறோம், நீங்க உங்க கல்யாணத்தைப் பத்தியே பேசிடுங்கக்கா என்று செயலாளர் கேட்டார். உடனே சரி என்றேன். நம் கோயிலில் ஞாயிறுதோறும் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்ததற்கு, மகனுக்கு வேலை கிடைத்ததற்கு, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு, வீடு கட்டிக் குடிபோனதற்கு, இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு. ஐம்பது தாண்டிய ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்ததற்காகக் காணிக்கை வாசித்து நான் கேட்டதே இல்லை. நம்மிடையே அப்படிக் கல்யாணங்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் வெளியே சொல்லாமல், ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப் போல நடத்தி முடித்துவிடுகிறோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் ஆனது. அதற்கான நன்றியை இன்றைக்கு மைக் வைத்துச் சொல்ல எனக்கு ஆசை.

என் கதை இங்கே பலருக்குத் தெரியும். அப்பா சீக்கிரம் போய்விட்டார். மூத்தவள் நான். தம்பிமார் படிக்க வேண்டும், தங்கச்சியைக் கட்டிக்கொடுக்க வேண்டும். டீச்சர் வேலை கிடைத்தது. எனக்கும் வரன்கள் வந்தன. ஒன்று ரொக்கத்தில் நின்றது, ஒன்று நகையில் நின்றது, இன்னொன்றுக்கு நான் வேலையை விட வேண்டும் என்றார்கள். பிறகு அம்மா படுக்கையில் விழுந்தார்கள். அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. 'உனக்கு எப்போ?' என்று கேட்டவர்களெல்லாம் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி நின்றுபோகிற அந்த வயசு எப்படி இருக்கும் என்று இங்கே சிலருக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் நான் மேலே போக முடியும். அந்த வருஷங்கள் வீணான வருஷங்கள் இல்லை. கல்யாணத்துக்காகக் காத்துக்கிடந்த வருஷங்களும் இல்லை. நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இன்றைக்கு இந்த ஊரில் பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். அம்மாவை நான் குளிப்பாட்டி, தலைசீவி, கடைசிவரைக்கும் வைத்துப் பார்த்தேன். நம் மாவட்டத்திலேயே டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் கண்மூடும்வரை கல்யாணமாகாமலே வாழ்ந்தார். கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு அம்மாவாக இருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேல் சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. அவர் வாழ்க்கையில் குறை இருந்தது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கர்த்தர் எனக்குக் கல்யாணத்தைக் கொடுத்தார் என்று நான் சொல்லும்போது, அதுவரை ஒன்றுமே கொடுக்கவில்லை என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. அப்படிப் புரிந்துகொண்டால் என் நன்றி, கல்யாணமாகாத என் சகோதரிகளின் மேல் விழுகிற கல்லாகிவிடும். என் நன்றி முந்தின வருஷங்களையும் சேர்த்துத்தான்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். என்னை மணந்துகொண்டவர் மனைவியை இழந்தவர். மகனுக்கும் மகளுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. அப்போதிருந்த குருவானவரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, என்னிடம் வந்து பேச்சைத் தொடங்கினார்கள். ஒருநாள் சாயங்காலம் அவரே என் தம்பி வீட்டுக்கு வந்தார். தம்பி மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தொடாமல் முதலில் கேட்டது இதுதான். "என் வீட்டுக்காரியைப் பத்தி நான் அப்பப்போ பேசுவேன். பேசாம இருக்க எனக்கு வராது. உங்களுக்கு அது சங்கடமா இருக்குமா?"

சொத்து கேட்டார்கள், சமையல் கேட்டார்கள், நிறம் பார்த்தார்கள் என்றுதான் நான் என் வாலிப வயதில் பெண்பார்க்க வந்தவர்களை நினைத்துவைத்திருந்தேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பேசுங்க. எனக்கும் அவங்களைத் தெரியணும்" என்றேன். அந்த இடத்தில் என் மனது தீர்மானித்துவிட்டது. செத்துப்போன மனைவிக்கு உண்மையாக இருக்கிற ஆள், உயிரோடிருக்கிறவளிடமும் அப்படித்தான் இருப்பார்.

ஊர் பேசியது. இந்த வயசுலயா என்றார்கள். சமைத்துப்போட ஆள் தேடுகிறார் என்றார்கள். பென்ஷனுக்காக என்று அவரைப் பற்றி ஒரு பக்கமும் என்னைப் பற்றி இன்னொரு பக்கமும் பேசினார்கள். எங்கள்மேல் பிரியமுள்ளவர்களே, கிழமை நாளில் காலை ஆறு மணிக்கு ஆலயத்தில் முடித்துக்கொள்ளுங்கள், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார்கள். அவர் மட்டும், ஆராதனையில் கல்யாணத்தை முன்கூட்டி அறிவிக்கிற ஓலையைச் சொல்லி, "ஓலை மூணு வாரமும் வாசிக்கணும், சத்தமா வாசிக்கணும்" என்று நின்றார். முதல் ஞாயிறு ஓலை வாசிக்கும்போது பெண்கள் பக்கத்தில் எத்தனை தலைகள் என் பக்கம் திரும்பின என்பது எனக்குத் தெரியும். நான் பாமாலைப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஞாயிறு அந்தத் தலைகளில் பல சிரித்தன. ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டியம்மா வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ரூத்தின் சரித்திரத்தை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறோம். போவாஸ் வாலிபன் இல்லை. வாலிபர் பின்னே போகாமல் தன்னிடம் வந்தாளே என்று அவளை ஆசீர்வதிக்கிறார். அவள் புருஷனைப் பறிகொடுத்த மோவாபிய ஸ்திரீ. பேசுவதற்கு ஊருக்கு என்னவெல்லாம் இருந்திருக்கும்! ஆனால் பெத்லகேமின் வாசலில் மூப்பரும் சகல ஜனங்களும் ஒன்றாகச் சேர்ந்து, வாய்திறந்து அவர்களை ஆசீர்வதித்தார்கள். பட்டப்பகலில், பத்து மூப்பரைச் சாட்சிக்கு உட்காரவைத்து நடந்த காரியம் அது. பிந்திய வயதுக் கல்யாணத்துக்குச் சபை செய்ய வேண்டியது அவ்வளவுதான். மறைக்கச் சொல்லாதிருங்கள். வந்து ஆசீர்வதியுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணம் நிச்சயமான நாட்களில் இவர்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். மிஷனரி வில்லியம் கேரி எல்லாருக்கும் தெரிந்த பெயர். நம் குருவானவர்கள் வாங்குகிற பி.டி. பட்டமே அவர் ஊழியம் செய்த செராம்பூரின் பெயரில்தான் வருகிறது. நம் தரங்கம்பாடியைப் போல அதுவும் அந்தக் காலத்தில் டென்மார்க்குக்காரர் கையில் இருந்த ஊர். செருப்புத் தைத்த கேரி, வங்காளத்துக்கு வேதத்தைக் கொடுத்த கேரி என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். அவருடைய வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவருடைய முதல் மனைவி டாரதி. அவரை இரண்டு வரியில் தாண்டிப்போவது அநியாயம். இந்தியாவுக்கு வர அவருக்கு மனதே இல்லை. முதலில் மறுத்தார், கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கப்பலேறினார். 1793-இல் வந்து இறங்கினார்கள். மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்துபோனான். அந்தத் தாயின் மனம் உடைந்தது, பிறகு சேரவே இல்லை. பல வருஷம் அறைக்குள் வைத்துக் காக்க வேண்டிய நிலை. அடுத்த அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தபோது அந்த அம்மாளுக்கு அது என்னவென்று விளங்கியிருக்குமா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. 1807 டிசம்பரில் டாரதி இறந்தார்.

அடுத்த ஆண்டு மே மாதம் கேரி மறுமணம் செய்தார். ஷார்லட் ரூமோர் என்பவர் டென்மார்க் அரசருக்கு உட்பட்டிருந்த ஷ்லெஸ்விக் சீமையின் பிரபுக் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்தே உடம்புக்கு முடியாதவர், நடப்பதே கஷ்டம். வெயில் உள்ள ஊர் உடம்புக்கு ஒத்துவரும் என்று செராம்பூருக்கு வந்து வீடு கட்டிக் குடியிருந்தார். கேரியிடம் இங்கிலீஷ் படித்தார், 1803-இல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். இரண்டுபேரும் 1761-இல் பிறந்தவர்கள். கல்யாணத்தின்போது இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்தக் காலத்துக்கு அது பிந்திய வயதுதான். உடன் ஊழியர்களே முதலில் ஒப்பவில்லை. மனைவி இறந்து அரை வருஷம் ஆகவில்லையே, இந்த நோயாளிப் பெண்ணையா என்று கேட்டார்கள். ஊர் வாய் எந்தக் காலத்திலும் ஒரே வாய்தான்.

அந்தக் கல்யாணம் பதின்மூன்று வருஷம் நின்றது. நோயாளி என்று பேர் வாங்கிய அந்த அம்மாள் வங்காளம் கற்றுக்கொண்டு, விசுவாசிகளின் குடும்பங்களை விசாரித்துவந்தார். ஐரோப்பிய மொழிகள் பல தெரிந்தவர் என்பதால் மொழிபெயர்ப்பிலும் கைகொடுத்தார். தான் கட்டிய வீட்டை மிஷனுக்கே கொடுத்துவிட்டார். கேரிக்குக் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. வாரத்தில் சில நாள் படகில் போய்த் தங்கிவர வேண்டும். பிரிந்திருந்த நாட்களில் ஷார்லட் அவருக்கு எழுதிய கடிதங்களை வாசித்தால், கல்யாணமாகி மாதம் ஒன்று ஆகாத பெண்ணின் கடிதமென்றே நினைப்பீர்கள். 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீப்பிடித்து, கேரி வருஷக்கணக்கில் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. அவர் மறுபடியும் முதலிலிருந்து உட்கார்ந்து எழுதினார். அந்த மன உறுதியைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுகிறோம். அந்த ராத்திரிகளில் அவருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. 1821 மே மாதம் ஷார்லட் இறந்தபோது, தங்களுடைய இல்லறத்தின் நிறைவைப் பற்றி அவர் மனந்திறந்து எழுதினார். அவரைப் போல வேலையிலேயே மூழ்கிக்கிடந்த மனுஷர் அப்படி எழுதுவது சாதாரணமில்லை.

பிந்தி வருகிற அன்பில் நான் கண்ட விசேஷம் இதில் இருக்கிறது. முன்னே வந்த துக்கம் உள்ளே வந்து உட்காரவும் இடம் கொடுக்க வேண்டும். கேரி வீட்டில் டாரதியின் பிள்ளைகள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அக்காவின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆமாம், என் வீட்டுக்காரரின் முதல் மனைவியை நான் அக்கா என்றுதான் சொல்லுகிறேன். ஹாலில் அவர்கள் படம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் மகன் அதைக் கழற்றப் போனான். நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்த வீட்டில் ஒரு பழைய குடும்ப வேதாகமம் உண்டு. பழுப்பு அட்டை, முதுகில் துணி ஒட்டியிருக்கும். நடுவில் பிறப்பு, விவாகம், மரணம் என்று எழுதிவைக்கிற பக்கங்கள். விவாகப் பக்கத்தில் அவருக்கும் அக்காவுக்கும் நடந்த கல்யாணம் நீலமையில் இருக்கிறது. எழுதினவர் அவருடைய அப்பா, சாய்ந்த கையெழுத்து. பிறப்புப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளையும் அக்காவே எழுதியிருக்கிறார்கள், மணி நேரம்கூடப் போட்டு. மரணப் பக்கத்தில் அக்காவின் பெயர், மகள் கையெழுத்தில். அந்த வரியில் ஓரிடத்தில் மை கலங்கியிருக்கிறது. கல்யாணமாகி நான் வந்த முதல் ஞாயிறு குடும்ப ஜெபத்துக்கு அவர் அந்த வேதாகமத்தை எடுத்துவந்து, பேனாவையும் என் கையில் கொடுத்து, "நீயே எழுது" என்றார். அவருடைய அப்பாவின் வரிக்குக் கீழே, இடம் விடாமல், என் பெயரையும் தேதியையும் எழுதினேன். அந்த மகளும் அன்றைக்குப் பக்கத்தில் இருந்தாள். எழுதி முடித்ததும் அவளே வாங்கி, மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தாள். "சித்தி, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள். அன்றைக்கு ஜெபம் பண்ண எனக்கு வார்த்தையே வரவில்லை. அவர்தான் முடித்தார்.

பிள்ளைகள் மனதில் பயம் இருக்கும். அது நியாயமான பயம். அம்மா இருந்த இடத்தில் இன்னொருத்தி, அப்பாவின் வீடு யாருக்கு என்கிற கேள்வி. இதைப் பேசாமல் மூடிவைக்கிற குடும்பங்களில் பிறகு பெரிய மனக்கசப்பு வருகிறது. இங்கே ஒரு சட்ட விஷயம், பலருக்குத் தெரியாது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன் எழுதிவைத்த உயில் அந்தக் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். பிள்ளைகள் பேருக்கு உயில் எழுதியாச்சு, இனி கவலையில்லை என்று நினைத்து மறுமணம் செய்கிறவர்கள் உண்டு. அந்த உயில் நிற்காது. உயிலே இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். எங்கள் வக்கீல் இதைச் சொன்னதால், கல்யாணம் முடிந்தபிறகு பிள்ளைகளையும் உட்காரவைத்துப் புதிதாக உயில் எழுதினோம். வீடு பிள்ளைகளுக்கு, என் ஆயுசுவரை நான் குடியிருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகு மணந்த துணைக்கும் குடும்ப ஓய்வூதியத்தில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் பகவந்தி என்ற பெண்மணியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகையால் அலுவலகத்தில் பெயர் சேர்க்க எழுதிக்கொடுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆவிக்குரிய கூட்டத்தில் உயிலும் பென்ஷனுமா என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்று உயில் வாசித்து முடித்தபோது மகன் முகம் தெளிந்ததே, அதற்கும் நான் கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அன்றாட வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். நான் தனியாக ஒரு வீட்டை நடத்தினவள், அவரும் தனியாக இருந்து பழகினவர். ஜன்னலை எப்போது சாத்துவது, ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைப்பது, எல்லாவற்றிலும் இரண்டு சட்டம். இருபது வயதில் கல்யாணமானால் ஒருவர் பழக்கத்தில் ஒருவர் வளைந்துவிடலாம். எங்களால் அவ்வளவு வளைய முடியாது. அதனால் கேட்டுக்கேட்டுச் செய்கிறோம். "இது உனக்குச் சரிதானா?" என்று ஒரு மனுஷர் என்னை நாளுக்கு நாலுதரம் கேட்கிறார். என் வாழ்நாளில் எல்லாருக்கும் எது சரி என்று நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அப்படி யாராவது கேட்பார்கள் என்றே நான் எதிர்பார்க்கவில்லை. போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டுமருந்து விடுகிற நேரத்தையெல்லாம் அவர் ஒரு காகிதத்தில் எழுதி, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி, விட்டதும் விட்டதும் டிக் போட்டுவந்தார். அந்தக் காகிதத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை.

காலம் குறைவு என்பது எங்களுக்குத் தெரியும். ஆக்ஸ்போர்டில் இருந்த எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், ஐம்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று ஜாய் டேவிட்மனைத் திருச்சபை முறைப்படி மணந்தார். அது 1957 மார்ச். ஜாய்க்குப் புற்றுநோய், பிழைக்கமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து நடந்தார். சேர்ந்து கிரேக்க தேசம்வரை போய்வந்தார்கள். 1960 ஜூலையில் ஜாய் இறந்தார். அவ்வளவு கொஞ்ச காலத்துக்காகவா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கொஞ்ச காலம் என்று தெரிந்தே வாழ்கிறவர்கள் கோபத்தை ராத்திரிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. எனக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அப்படி வாக்குக் கொடுக்கிறவர்களை நம்பவும் வேண்டாம். ஜான் வெஸ்லி எவ்வளவு பெரிய தேவமனிதர்! நாற்பத்தேழு வயதில் கல்யாணம் செய்தார், அது சந்தோஷமாக அமையவில்லை. தம்பி சார்லஸ் வெஸ்லி நாற்பத்தொன்றில் செய்தார், கடைசிவரை இனிமையாக இருந்தது. ஆகவே வயது ஒன்றையும் உறுதிசெய்வதில்லை. தனிமைக்குப் பயந்து யாரையும் கட்டிக்கொள்ளாதீர்கள். வருகிறவர் உங்களை எப்படி நடத்துவார் என்று தெரியவேண்டுமானால், போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். கூடவே, உங்கள் வேலையையும் சம்பளத்தையும் சிநேகிதிகளையும் பெருமையோடு வைத்துக்கொள்ளுங்கள். அவைகளும் கர்த்தர் கொடுத்தவை.

கடைசியாக ஒரு அறிவிப்பு, அவர்களிடம் சம்மதம் வாங்கித்தான் சொல்லுகிறேன். நம் சபையில் இரண்டு வாரமாக ஒரு ஓலை வாசித்துவருகிறார்கள், கேட்டிருப்பீர்கள். பெண்ணுக்கு ஐம்பத்தி நாலு, அவருக்கு அறுபத்தொன்று. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆலயத்தில் திருமணம். பாடகர் குழு முழுசாக வர வேண்டும் என்று பாடகர் குழுத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். ஆலயத்தைப் பூவால் ஜோடிக்கிற வேலை நம் சங்கத்துக்கு. புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வரக்கூடியவர்கள் இப்போதே கை தூக்குங்கள், பெயர் எழுதிக்கொள்ளுகிறேன்.